ரேடியேட்டர் தண்ணீரில் ஆயில்: பழைய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய காரில் கூலன்ட்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், தண்ணீர் என்று நான் சொல்வதும் இதைத்தான்) ஆயிலும் ஒன்றாகக் கலந்துவிட்டால் பலர் முதலில் செய்வது ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தை, கழற்றுவது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றில் பாதி அரை மணி நேர வேலைதான். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் பழுப்பாக, களிம்பு மாதிரி ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

போயிருக்கலாம் (ஹெட்டுக்கும், கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட்). ஆனால் இந்த ஒரு அறிகுறியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். பழைய காரில் அந்தக் களிம்பு இன்ஜின் ஆயிலாக இருக்கலாம், கியர்பாக்ஸ் ஆயிலாக இருக்கலாம், வாட்டர் பம்ப்புக்கு அடித்த கிரீஸாக இருக்கலாம், முன்னாள் உரிமையாளர் கசிவை அடைக்க ஊற்றிய ஸ்டாப் லீக்காகவும் இருக்கலாம். ஒத்துப்போகாத இரண்டு வகை கூலன்ட்டைக் கலந்தாலும் சில நேரம் இப்படித்தான் கூழாகும். துருவும் களிம்போடு களிம்பாகச் சேர்ந்துகொண்டு கண்ணை ஏமாற்றும்.

அது ஆயில்தானா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு (சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே தொடாதீர்கள், பீய்ச்சி அடித்தால் முகம் வெந்துவிடும்) மேலே இருக்கும் தண்ணீரிலிருந்து கொஞ்சம், கீழ்க் குழாயைத் திறந்து அதிலிருந்து கொஞ்சம் என்று இரண்டு கண்ணாடி ஜாடிகளில் எடுத்து, மூடி, ஒரு ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள்.

காலையில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஆயில் மேலே மிதக்கும். துரு கீழே இறங்கி, ஜாடியைச் சாய்த்தால் மணல் மாதிரி நகரும். நடுவில் பழுப்பு நுரை ஒரு பட்டையாக நின்றால் அது ஆயிலும் தண்ணீரும் பின்னிக்கொண்ட குழம்பு. அந்தப் பட்டையில் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கு இடையே தேய்த்துப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். கூலன்ட்டும் வழுவழுப்பாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் பட்டதும் போய்விடும். ஆயில் என்றால் தண்ணீர் விரலில் முத்து முத்தாக நிற்கும், சோப்பு போட்டால்தான் போகும்.

நிறத்தையும் கவனியுங்கள். கறுப்பு அல்லது அடர் பழுப்பு என்றால் இன்ஜின் ஆயில் பக்கம் சந்தேகப்படுங்கள். இளஞ்சிவப்புக் குழம்பு என்றால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான். முழுத் தண்ணீரும் ஒரே சீராகப் பால் வெள்ளையாக இருந்து, மேலே எதுவும் பிரியவில்லை என்றால், துருப்பிடிக்காமல் இருக்க யாரோ தண்ணீரில் கரையும் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணமான பழக்கம், அதில் கோளாறு எதுவும் இல்லை.

ஆயில் எந்தெந்த வழியாகத் தண்ணீருக்குள் போக முடியும்?

முதல் வழி ஹெட் கேஸ்கெட். வால்வுகளைத் திறந்து மூடும் ராக்கர்களுக்கோ கேம் ஷாஃப்ட்டுக்கோ ஆயில் மேலே ஏறும் துளை பல இன்ஜின்களில் பிளாக்கிலிருந்து கேஸ்கெட்டைக் கடந்துதான் ஹெட்டுக்குப் போகும். அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளித் தண்ணீர்த் துளை இருக்கும். நடுவில் இருக்கும் அந்தச் சின்னத் துண்டு கேஸ்கெட் அரித்துப்போனால் போதும். ஆனால் எல்லா இன்ஜினும் அப்படியில்லை. ஜாகுவாரின் எக்ஸ்கே ஆறு சிலிண்டர் இன்ஜினில் கேம் ஷாஃப்ட்டுக்கான ஆயில் வெளியே ஒரு தனிக் குழாய் வழியாகப் போகிறது. இப்படி வெளிக் குழாய் உள்ள இன்ஜினில் அழுத்தமுள்ள ஆயில் கேஸ்கெட் வழியாகத் தண்ணீருக்குள் போக வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் உங்கள் இன்ஜினின் ஆயில் வழிப் படத்தை மேனுவலில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சந்தேகப் பட்டியலையே போட வேண்டும்.

இரண்டாவது, ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல். ஒருமுறை நன்றாக ஓவர்ஹீட் ஆன வண்டி, அல்லது கடுங்குளிரில் வெறும் தண்ணீரோடு நின்று உள்ளே உறைந்துபோன வண்டி என்றால் இதை முன்னால் வையுங்கள்.

மூன்றாவது ஆயில் கூலர், அதிலும் தண்ணீரால் குளிர்விக்கப்படும் வகை. உள்ளே மெல்லிய தகட்டுக்கு ஒரு பக்கம் ஆயில், மறு பக்கம் தண்ணீர். தகடு அரித்தால் கதை முடிந்தது. காற்றால் குளிரும் கூலர் என்றால் இந்தக் கவலை இல்லை, அது ஒழுகினாலும் வெளியேதான் ஒழுகும்.

நான்காவது, ஆட்டோமேட்டிக் வண்டிகளில் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும் கியர்பாக்ஸ் ஆயில் கூலர்.

ஐந்தாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மிகப் பழைய வண்டிகளில் வாட்டர் பம்ப்புக்கு கிரீஸ் அடிக்கும் நிப்பிளோ கப்போ இருக்கும். ஒவ்வொரு சர்வீஸிலும் தாராளமாக அடித்துக்கொண்டே வந்தால் மிஞ்சும் கிரீஸ் தண்ணீருக்குள்தான் போகும். வருஷக்கணக்கில் சேர்ந்து ரேடியேட்டர் குழாய்களின் வாயில் மெழுகு மாதிரி அப்பிக்கொள்ளும்.

தண்ணீரில் ஆயில் இருக்கிறது, ஆனால் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் சுத்தமாக இருக்கிறது. இது எப்படி?

அழுத்த வித்தியாசம்தான். ஓடும்போது ஆயில் அழுத்தம் சாதாரணமாக 40 முதல் 60 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கும். பழைய வண்டியின் ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தம் 7 பிஎஸ்ஐ, சிலவற்றில் இன்னும் குறைவு, பிந்தைய வண்டிகளில் 13 முதல் 15 வரை. ஓட்டை ஒன்றுதான் என்றாலும் அழுத்தம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கு ஆயில் போகிறது. இன்ஜினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழாகும். ஆயில் அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், சூட்டில் இருக்கும் தண்ணீர்ப் பக்கம் இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தத்தோடு நிற்கும். அப்போது தண்ணீர் ஆயில் பக்கம் கசியலாம். எனவே இன்றைக்கு டிப்ஸ்டிக் சுத்தம் என்பதால் நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம், தினமும் பாருங்கள்.

ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் வெள்ளைக் களிம்பு. அதுவும் இதே கோளாறா?

அது மட்டும் இருந்தால் பெரும்பாலும் இல்லை. வண்டியைக் கொஞ்ச தூரமே ஓட்டி, முழுச் சூடு வராமலே நிறுத்தினால், உள்ளே இருக்கும் ஈரம் மூடியில் படிந்து அப்படி ஆகும். ஒருமுறை நீண்ட தூரம் ஓட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். களிம்பு குறைந்து, கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால் கவலை வேண்டாம்.

கம்ப்ரஷன் டெஸ்ட் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் கேஸ்கெட் நல்லபடியாகத்தானே இருக்கிறது?

இல்லை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள், நானும் போட்டேன்.

கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்ப்பது), லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்று விட்டு எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது), ரேடியேட்டர் வாயில் வைத்து நீலத் திரவம் மஞ்சளாகிறதா என்று பார்க்கும் வாயுச் சோதனை, மூன்றுமே சிலிண்டரிலிருந்து கசிவு இருக்கிறதா என்றுதான் சொல்லும். ஆயில் துளைக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவே மட்டும் கேஸ்கெட் அரித்திருந்தால் சிலிண்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்று சோதனையும் பாஸ் ஆகும், ஆயில் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும்.

என்னுடைய நான்கு சிலிண்டர் சலூனில் நடந்தது இதுதான். மேனுவல் கியர்பாக்ஸ், ஆயில் கூலரே கிடையாது. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தது. கேஸ்கெட் நன்றாக இருக்கிறது, பிளாக்கில்தான் விரிசல், வேறு இன்ஜின் தேடுங்கள் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். மனசு கேட்கவில்லை. கூலன்ட்டை இறக்கி, முடிந்தவரை கழுவி, வெறும் தண்ணீர் நிரப்பினேன். இன்ஜின் ஆயிலில் புற ஊதா விளக்கில் மின்னும் சாயத்தைக் கலந்து, இருட்டிய பிறகு இருபது நிமிஷம் ஓடவிட்டு, ஆறவைத்து மூடியைத் திறந்து விளக்கை அடித்தேன். தண்ணீர் மேல் மஞ்சள் பச்சையாக ஒரு நூல் சுருண்டு சுருண்டு மிதந்தது. பழைய அழுக்கு அல்ல, இன்று வந்த ஆயில் என்பது அப்போதுதான் உறுதியானது. (கூலன்ட்டை வைத்துக்கொண்டே இதைச் செய்யாதீர்கள். பல பச்சைக் கூலன்ட்டுகள் தாமே அந்த விளக்கில் மின்னும்.)

ஹெட்டைக் கழற்றியதும் கேஸ்கெட்டில் ஆயில் துளையிலிருந்து பக்கத்துத் தண்ணீர்த் துளை வரை கறுப்பாக ஒரு தடம், நகத்தின் அகலம்கூட இருக்காது. எறும்புப் பாதை மாதிரி. ஹெட்டைச் சோதனைக்குக் கொடுத்தேன், விரிசல் இல்லை. புதுக் கேஸ்கெட் போட்டதோடு ஆயில் வருவது நின்றது. பிளாக் இன்னும் அதே பிளாக்தான்.

சரி, எந்த வரிசையில் சோதிப்பது?

கழற்றாமல் செய்யக்கூடியவை முதலில். ஜாடிச் சோதனை முடிந்ததும் இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில் இரண்டின் அளவையும் குறித்து வையுங்கள். வெளியே சொட்டாமல் எது குறைகிறதோ அங்கிருந்துதான் கசிவு. தண்ணீருக்குள் ஆயில் வருவதால் ரேடியேட்டரிலோ எக்ஸ்பான்ஷன் பாட்டிலிலோ அளவு ஏறுவதும் தெரியும்.

அப்புறம் கூலிங் பக்கத்துக்கு பிரஷர் டெஸ்ட். கைப்பம்ப்பால் அழுத்தம் ஏற்றும்போது உங்கள் மூடியில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். 7 பிஎஸ்ஐ வண்டிக்கு 15 ஏற்றினால் நன்றாக இருந்த பழைய ரேடியேட்டரும் பற்றவைத்த இடத்தில் பிளந்துவிடும்.

தண்ணீரால் குளிரும் ஆயில் கூலர் இருந்தால் அதைத் தனியாகக் கழற்றி, ஆயில் பக்கத்தின் ஒரு வாயை அடைத்து, மறு வாயில் காற்று கொடுத்து, வெந்நீரில் அமுக்கிப் பிடியுங்கள். குமிழி வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். பச்சைத் தண்ணீரில் காட்டாத கசிவு வெந்நீரில் காட்டும், உலோகம் சூட்டில் விரிவதால்.

கூலரும் சரி, கியர்பாக்ஸும் சரி என்றால் ஹெட் பக்கம் வாருங்கள். ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் அடாப்டர் போட்டு, 30, 40 பிஎஸ்ஐ காற்றை ஆயில் வழிக்குள் விடலாம். ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி மூடியைத் திறந்து வையுங்கள். பேரிங் வழியாகக் காற்று புஸ்ஸென்று போகும், அது இயல்பு. தண்ணீரில் குமிழி வருகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. குமிழி வரவில்லை என்பதால் விரிசலே இல்லை என்று ஆகிவிடாது, சில விரிசல்கள் சூட்டில்தான் திறக்கும்.

அதுவரை வண்டியை ஓட்டலாமா?

வேண்டாம். ஆயில் படலம் உலோகத்திலிருந்து தண்ணீருக்குச் சூடு போவதைத் தடுக்கும், ரேடியேட்டரும் ஹீட்டரும் அடைக்கும், ஹோஸ் ஊறும். கூலன்ட் ஆயிலுக்குள் போக ஆரம்பித்தால் அது இன்னும் மோசம், பேரிங் போய்விடும். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் ஏற்றிக்கொண்டு போங்கள்.

ஸ்டாப் லீக் ஊற்றினால் அடைபடாதா?

ஆயில் பக்கம் 60 பிஎஸ்ஐ தள்ளும் ஓட்டையை அது பிடித்து நிறுத்தும் என்று நம்ப முடியாது. ஹீட்டரின் மெல்லிய குழாய்களை மட்டும் நிச்சயமாகப் பிடித்துவிடும். நான் ஊற்ற மாட்டேன்.

ஹெட்டைக் கழற்றிவிட்டேன். எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் எதையும் துடைக்காதீர்கள். கேஸ்கெட்டை மேசையில் விரித்து, எந்தப் பக்கம் மேல், எது முன்பக்கம் என்று குறித்து, ஒவ்வொரு ஆயில் துளையைச் சுற்றியும் தடம் தேடுங்கள். துடைத்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

அடுத்து நேர்விளிம்புக் கட்டையும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்). நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை என்று ஹெட்டிலும் பிளாக்கிலும் வைத்துப் பாருங்கள். எவ்வளவு வளைவு வரை சரி என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், மேனுவல் சொல்வதே இறுதி. பொதுவாக 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அதைத் தாண்டினால் மட்டம் சீவ வேண்டும், ஆனால் ஹெட்டின் குறைந்தபட்ச உயரம் மிச்சம் இருக்கிறதா என்று அளந்த பிறகே. முன்பே இரண்டு முறை சீவிய ஹெட்டாக இருக்கலாம், பழைய வண்டி அல்லவா.

விரிசலுக்கு ஹெட்டை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், வெந்நீரில் செய்தால் நல்லது. வார்ப்பிரும்பு ஹெட் என்றால் காந்தத் துகள் சோதனை, அலுமினியம் என்றால் ஊடுருவும் சாயச் சோதனை. அலுமினியம் காந்தத்துக்குப் பிடிகொடுக்காது. கடுமையாகச் சூடேறிய அலுமினிய ஹெட் மென்மையாகிவிடுவதும் உண்டு, கடினத்தன்மையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விரிசல் இருந்தால் ஹெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

அவசியம் இல்லை. அலுமினியத்தை டிக் வெல்டிங்கில் பற்றவைக்கலாம். வார்ப்பிரும்பைச் சூடாக்கிப் பற்றவைப்பது கஷ்டம், சரியாகச் செய்யாவிட்டால் பக்கத்திலேயே புதிய விரிசல் வரும். அதற்குப் பதில் விரிசல் நெடுக ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி திருகு முளைகளை வரிசையாகப் பூட்டி அடைக்கும் குளிர் தையல் முறை உண்டு. நன்றாகச் செய்தால் காலத்துக்கும் நிற்கும்.

திரும்பப் பூட்டும்போது எங்கே தப்பு நடக்கிறது?

போல்ட் ஓட்டைகளில். மூடிய ஓட்டைக்குள் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கும்போது போல்ட்டை இறுக்கினால், அந்தத் திரவம் போக இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். ஒவ்வொன்றையும் காற்றடித்துக் காயவையுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. கேஸ்கெட் பரப்பைச் சுரண்ட சுழலும் உப்புத்தாள் பட்டை வேண்டாம், அந்தத் தூள் ஆயிலோடு பேரிங்குக்குப் போகும். இறுக்குவது நடுவிலிருந்து வெளியே, மேனுவலில் உள்ள வரிசையில், பல கட்டமாக. பழைய கலவைக் கேஸ்கெட்டுகள் பலவற்றுக்கு ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு மறுபடி டார்க் (போல்ட்டின் இறுக்க அளவு) பார்க்கச் சொல்லியிருப்பார்கள், அப்போது வால்வு இடைவெளியையும் சரிசெய்ய வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான் கலந்திருக்கிறது. ரேடியேட்டரை மாற்றினால் போதுமா?

போதாது. ஆயில் தண்ணீருக்குள் வந்ததைவிட, தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் போயிருக்கிறதா என்பதுதான் பெரிய கவலை. உள்ளே இருக்கும் உராய்வுத் தகடுகளின் பசை தண்ணீரிலும் கூலன்ட்டில் உள்ள கிளைகாலிலும் ஊறி உரிந்துவிடும். கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கில் இளஞ்சிவப்பு நுரை தெரிந்தால் இன்ஜினை இயக்கவே வேண்டாம். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில் இருப்பது உட்பட முழு ஆயிலையும் மாற்ற வேண்டும், நாள்பட்டிருந்தால் கியர்பாக்ஸைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே இருக்கும் ஆயிலை எப்படிக் கழுவி எடுப்பது?

பொறுமையாக. ரிப்பேரைவிட இதற்கு அதிக நேரம் போகும், முதலிலேயே மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். கசிவை அடைத்த பிறகுதான் இந்த வேலை.

ரேடியேட்டரின் கீழ்க் குழாயையும் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வடிகால் திருகையும் திறந்து முழுவதும் இறக்குங்கள். பிளாக் திருகைத் திறந்தும் எதுவும் வரவில்லை என்றால் காலி என்று அர்த்தமில்லை, வண்டல் அடைத்திருக்கிறது. கம்பி விட்டுக் குத்தினால் சேறாகக் கொட்டும். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு அதன் மூடியை மட்டும் மாட்டுங்கள். ஹீட்டர் வால்வை முழுச் சூட்டுக்குத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் அங்கே தங்கிய ஆயில் பின்னால் வந்து சேரும்.

பிறகு, கூலிங் பக்கத்துக்கென்றே வரும் ஆயில் நீக்கியைக் கலந்து வெந்நீர் நிரப்புங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான தூளையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். நுரைக்காது என்பது அதன் நன்மை, காரத்தன்மை என்பது கெடுதல், அலுமினியத்தை அரிக்கும். முழுக்க வார்ப்பிரும்பு இன்ஜின் என்றால் இரண்டு மூன்று தேக்கரண்டியை வெந்நீரில் நன்றாகக் கரைத்து ஊற்றலாம். அலுமினிய ஹெட் என்றால் நான் தொட மாட்டேன். கையால் கழுவும் சோப்புத் திரவம் வேண்டவே வேண்டாம், நுரை நிரம்பினால் பம்ப்பால் தள்ள முடியாது, சூட்டுப் புள்ளிகள் உண்டாகும்.

இன்ஜினை நன்றாகச் சூடாகும் வரை ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாததால் சூடேற நேரமாகும், ரேடியேட்டர் முன்னால் ஓர் அட்டையை வைத்து மறைக்கலாம். கண் சூட்டு முள்ளிலேயே இருக்கட்டும். பதினைந்து, இருபது நிமிஷம் கழித்து நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இறக்குங்கள். முழுதும் ஆறவிட்டால் ஆயில் மறுபடி சுவரில் ஒட்டிக்கொள்ளும். திரும்பவும் நிரப்பி, திரும்பவும் இறக்குங்கள். எனக்கு ஏழு முறை ஆனது. ஐந்தாவதில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன், ஆறாவதில் ஹீட்டரிலிருந்து ஒரு கட்டி வந்தது.

நன்றாக அப்பியிருந்தால் ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக வைத்து, ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீர் விடுங்கள். பழைய பித்தளை ரேடியேட்டர் மேல் அதிவேகத் தண்ணீர்த் துப்பாக்கியைக் காட்டாதீர்கள். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில்.

இறக்கிய தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் தித்திப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. கேனில் பிடித்து மூடி வைத்து, கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

டீசலோ பெட்ரோலோ ஊற்றிக் கழுவினால் சீக்கிரம் போகுமே?

சூடான இன்ஜினுக்குள் எரிபொருளா? கூடாது. தீப்பிடிக்கும், ரப்பரும் ஊறும்.

ஹோஸ் எல்லாம் மாற்ற வேண்டுமா?

ஆம், ஆனால் கழுவி முடித்த பிறகு. கூலன்ட் ஹோஸ் ரப்பர் கூலன்ட்டைத் தாங்கும், ஆயிலைத் தாங்காது. அழுத்திப் பாருங்கள், பஞ்சு மாதிரி அமுங்கினாலோ உள்ளே பிசுபிசுத்தாலோ போய்விட்டது. ஹீட்டர் ஹோஸையும், பைபாஸில் இருக்கும் குட்டி ஹோஸையும் விட்டுவிடாதீர்கள். தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி இரண்டையும் புதிதாகப் போடுங்கள். இன்ஜின் ஆயிலில் கூலன்ட் கலந்திருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றுங்கள்.

எந்தக் கூலன்ட் ஊற்றுவது?

செம்பு, பித்தளை, ஈயப் பற்று உள்ள பழைய ரேடியேட்டருக்குப் அரிப்பைத் தடுக்கும் பழைய பாணி கனிமத் தடுப்பான் உள்ள எத்திலீன் கிளைகால் கூலன்ட்தான் என் தேர்வு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி கிடையாது, லேபிளைப் படியுங்கள். வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் கிட்டத்தட்ட மைனஸ் 37 டிகிரி வரை உறையாது.

எல்லாம் முடித்து இரண்டு வாரம் ஆகிறது. மறுபடியும் ஆயில் தெரிகிறது. ரிப்பேர் வீணா?

பதறாதீர்கள். மூலை முடுக்கில் தங்கிய பழைய ஆயில் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். ஆறிய இன்ஜினில் மேலே மிதப்பதைத் துணியாலோ சிரிஞ்சாலோ எடுத்துவிட்டு, எவ்வளவு எடுத்தோம் என்று தேதியோடு எழுதி வையுங்கள். வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்து, டிப்ஸ்டிக் அளவும் அப்படியே நின்றால் அது பழைய மிச்சம். ஒரே அளவில் வந்தால், அல்லது கூடினால், ஆயிலில் சாயத்தைக் கலந்து விளக்கை எடுங்கள். என் வண்டியில் கடைசியாக ஒரு மெல்லிய வானவில் படலம் தெரிந்தது ஒன்பதாவது வாரத்தில், அப்புறம் எடுத்த ஜாடியில் ஒன்றுமே இல்லை.